பானெட்டைத் திறந்தால் பக்கத்து வீட்டுப் பிள்ளை

1977-இல் சிகாகோவில் ஒரு மனிதர் ஓல்ட்ஸ்மொபில் டெல்டா 88 ஒன்றைப் புத்தம்புதிதாக வாங்கினார். லேசுப்பட்ட விஷயமில்லை. ஜெனரல் மோட்டார்ஸ் தன் கார்களை வருணாசிரம முறைப்படி அடுக்கி வைத்திருந்த கம்பெனி. அடியில் ஷெவர்லே, அதற்கு மேலே பான்டியாக், அப்புறம் ஓல்ட்ஸ்மொபில், பியூக், கோபுரக் கலசமாகக் காடிலாக். சம்பளம் ஏற ஏற மனிதனும் படியேற வேண்டும் என்பது ஏற்பாடு. நம் ஆள் ஏறிவிட்டார். பிறகு ஃபேன் பெல்ட் மாற்றப் போனால் ஓல்ட்ஸ்மொபில் பெல்ட் பொருந்த மாட்டேன் என்றது. ஆயில் ஃபில்ட்டராவது உட்காருமா என்று பார்த்தால் அதுவும் இல்லை. அப்போதுதான் குட்டு உடைந்தது. ராக்கெட் எஞ்சின் என்று காலங்காலமாக ஓல்ட்ஸ்மொபில்காரர்கள் பீற்றிக்கொண்ட இடத்தில் சாவகாசமாக உட்கார்ந்திருந்தது ஒரு ஷெவர்லே எஞ்சின். காசு கொடுத்தது மூன்றாம் படிக்கு, கிடைத்தது முதல் படி.

இல்லினாய் மாநில அட்டர்னி ஜெனரல் வில்லியம் ஸ்காட் வழக்குப் போட்டார். மற்ற மாநிலங்களும் சேர்ந்துகொண்டன. இரண்டும் 350 கன அங்குலம், இரண்டும் 170 குதிரைத்திறன், இதில் என்ன குடிமுழுகிப்போய்விட்டது என்று கம்பெனி கேட்காத குறை. கடைசியில் ஏமாந்தவர்களுக்குத் தலைக்கு 200 டாலரும் கூடுதல் வாரன்ட்டியும் தந்து சமாதானம் ஆனார்கள். அதற்குப் பிறகு வந்த விளம்பரங்களின் அடியில், எங்கள் கார்களில் ஜி.எம். கம்பெனியின் பல பிரிவுகள் தயாரித்த எஞ்சின்கள் இருக்கும் என்று ஒரு வரி, பூதக்கண்ணாடி வைத்துப் படிக்கிற அளவில், குடியேறியது.

சட்டப்படி நியாயம் அந்த மனிதர் பக்கம்தான். சரித்திரப்படி பார்த்தால் அமெரிக்கா அன்று கொதித்தது கொஞ்சம் அதிகப்படி. அந்த நாட்டுப் பையன்கள் அதற்கு முந்தைய 40 ஆண்டுகளாகச் செய்துவந்த காரியமே அதுதானே? ஒரு காரின் வயிற்றைக் கிழித்து இன்னொரு காரின் எஞ்சினை வைத்துத் தைப்பார்கள். வீட்டுக் கொட்டகையில் பையன் செய்தால் கைத்திறமை, தொழிற்சாலையில் கம்பெனி செய்தால் மோசடி. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம்.

பழைய அமெரிக்கக் காருக்கு எந்த எஞ்சின் போடலாம் என்று நாலு பேரைக் கேட்டால் இன்றைக்கும் ஐந்து பதில் வரும். ஃபோர்டுக்கு ஃபோர்டு எஞ்சின்தான் தர்மம் என்பார் ஒருவர். கிரைஸ்லர் தவிர வேறு எதையும் தொட்டால் கை கழுவுவேன் என்பார் இன்னொருவர். விசுவாசம் என்றால் அப்படியொரு விசுவாசம், பச்சை குத்திக்கொள்கிற விசுவாசம். ஆனால் பானெட்டைத் தூக்கிப் பாருங்கள். பேசியது ஒன்றாக இருக்கும், இருப்பது வேறாக இருக்கும். என் கட்சி இதுதான்: எஞ்சினைத் தேர்ந்தெடுத்தவன் என்றைக்கும் கார்க்காரன் அல்ல. அந்த வாரம் காயலாங்கடையில் எது மலிவாக, கேட்பாரற்றுக் கிடந்ததோ அதுதான் அவனைத் தேர்ந்தெடுத்தது.

ஆதியிலே ஹென்றி ஃபோர்டு இருந்தார். அவரிடம் மாடல் டி இருந்தது. அதற்கு நான்கு சிலிண்டர், 20 குதிரைத்திறன். மனிதகுலத்துக்கு இது போதும் என்று அவர் கண்டார். 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடி வண்டி செய்த மனிதரிடம் போதாது என்று யார் போய்ச் சொல்வது? சொன்னது ஷெவர்லேதான். 1929-இல், நாலு சிலிண்டர் விலைக்கு ஆறு சிலிண்டர் தருகிறோம் என்று கடை விரித்தார்கள். ஃபோர்டுக்கு ஆறு என்றாலே ஆகாது. இருபது வருஷத்துக்கு முன் மாடல் கே என்று ஆறு சிலிண்டர் கார் ஒன்றைப் போட்டுக் கையைச் சுட்டுக்கொண்டவர் அவர். இப்போது போய் ஆறு போட்டால் ஷெவர்லேயைப் பார்த்துக் காப்பியடித்த பேர் வேறு வரும். கிழவர் நாலிலிருந்து ஒரே தாவாக எட்டுக்குத் தாவினார்.

ரகசியம் கசியக் கூடாது என்று அவர் செய்த ஏற்பாடு தனி ரகம். எடிசனின் பழைய ஃபோர்ட் மையர்ஸ் ஆய்வுக்கூடத்தை அப்படியே பெயர்த்துக்கொண்டுவந்து டியர்பார்னில் தன் காட்சிக் கிராமத்தில் நட்டு வைத்திருந்தார் ஃபோர்டு. அதற்குள் சில எஞ்சினியர்களை உட்காரவைத்து, வெளியே மூச்சுவிடாதீர்கள் என்று சொல்லிவிட்டார். நாட்டின் மிக நவீனமான எஞ்சின், அருங்காட்சியகத்துக் கட்டடத்துக்குள் பிறந்தது. எட்டு சிலிண்டரையும் ஒரே வார்ப்பாக வார்க்க வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். வார்ப்படச் சாலையில் உடைத்துத் திரும்ப உருக்கிய பிளாக்குகள் ஏராளம். ஆனாலும் 1932-இல் வந்தே விட்டது: 221 கன அங்குலம், 65 குதிரைத்திறன், ரோட்ஸ்டர் மாடலின் விலை 460 டாலர். அதுவரை வி-8 என்பது காடிலாக்காரர்களின் வீட்டுச் சமாச்சாரம். இப்போது பால்காரனும் வாங்கலாம்.

குறை இல்லாமல் இல்லை. வால்வுகள் பிளாக்குக்குள்ளேயே குடியிருந்தன. எரிந்த புகைக்கு வெளியே போக நேர்வழி கிடையாது. பிளாக்கின் ஊடாக, குளிர்விக்கும் தண்ணீரை உரசிக்கொண்டு சுற்றிப் போகும். எஞ்சினை ஆற்றவேண்டிய தண்ணீரைப் புகையே காய்ச்சிக் கொடுத்துவிடும். மேடு ஏறினால் ரேடியேட்டர் ஆவி கக்கும். பிரேக்கோ, 1939 வரை கம்பி இழுக்கிற மெக்கானிக்கல் பிரேக்தான். ஹைட்ராலிக் பிரேக்கை ஃபோர்டு நம்பவில்லை. போட்டிக்காரனான பிளிமத் 1928-லேயே அதைப் போட்டுவிட்டான் என்பதையும் அவர் பொருட்படுத்தவில்லை. ஓட வைப்பதுதான் அவர் வேலை, நிறுத்துவது வாங்கியவர் பாடு.

திருப்தியடைந்த வாடிக்கையாளர்களும் இருந்தார்கள். 1934-இல் கிளைட் பாரோ என்ற பிரபல கொள்ளைக்காரன் பெயரில் ஹென்றி ஃபோர்டுக்கு ஒரு பாராட்டுக் கடிதம் வந்தது. தப்பி ஓடுவதற்கு உங்கள் வண்டிக்கு இணை இல்லை என்பது அதன் சாரம். கையெழுத்து அவனுடையதுதானா என்று இன்றும் தகராறு உண்டு. கம்பெனி அந்தத் தகராறில் தலையிடாமல் கடிதத்தைப் பத்திரமாக வைத்துக்கொண்டது.

இனி வருகிறவர்கள்தான் கதாநாயகர்கள். தெற்குக் கலிஃபோர்னியாவின் பையன்கள். புது வி-8 வாங்கக் காசு கிடையாது. ஆனால் மாடல் டி, அதற்கடுத்து வந்த மாடல் ஏ காரின் கூடு சல்லிக் காசுக்குக் கிடைத்தது. அப்பா வாங்கி மகன் மரத்தில் மோதிய வி-8 வண்டிகள் காயலாங்கடையில் குவிய ஆரம்பித்திருந்தன. கூட்டையும் எஞ்சினையும் சேர்த்துவைப்பதற்கு மேதாவித்தனம் தேவைப்படவில்லை. அத்தையின் கராஜும் கடன் வாங்கிய கேஸ் கட்டரும் போதும். ஞாயிற்றுக்கிழமை விடியுமுன் மோஹாவி பாலைவனத்தில் மியூராக் என்ற வறண்ட ஏரிப் படுகைக்குப் போவார்கள். அதே காரை ஓட்டிக்கொண்டே போய், மட்கார்டு, விளக்கு, விண்ட்ஷீல்டு எல்லாவற்றையும் கழற்றித் தரையில் அடுக்கிவைப்பார்கள். வரிசையாக நின்று ஒரே நேரத்தில் சீறுவார்கள். முதலில் போகிறவனுக்கு வழி தெரியும். பின்னால் வருகிறவனுக்குப் புழுதி மட்டும்தான் தெரியும். உயிரோடு இருந்தால் கழற்றியதைத் திரும்ப மாட்டிக்கொண்டு சாயங்காலம் வீடு திரும்புவார்கள். இதற்கு ஒரு ஒழுங்கு வேண்டும் என்று 1937-இல் சதர்ன் கலிஃபோர்னியா டைமிங் அசோசியேஷன் என்று சங்கம் வைத்து, ஒவ்வொருவராக ஓடி நேரம் குறிக்கிற வழக்கம் வந்தது. பிறகு மியூராக்கை ராணுவம் எடுத்துக்கொண்டது. இன்று அது எட்வர்ட்ஸ் விமானப்படைத் தளம். பையன்கள் போனதும் அங்கே சத்தம் குறைந்ததாகத் தெரியவில்லை.

இந்தக் காலகட்டத்தில் எந்த எஞ்சின் என்ற கேள்வியே எழவில்லை. ஃபோர்டு வி-8 தவிர அந்த விலைக்கு வேறென்ன இருந்தது? விசுவாசம் என்று அவர்கள் பின்னாளில் பெயர் வைத்தார்கள். அன்று அதன் பெயர் கையாலாகாத்தனம். பிற்பாடு, கொஞ்சம் கைதேர்ந்தவன் மெர்குரி காரின் கிராங்க் ஷாஃப்ட்டை எடுத்து ஃபோர்டு பிளாக்கில் போடுவான். ஸ்ட்ரோக் நீளும், இழுவை கூடும். அதுவும் ஃபோர்டு கம்பெனியின் சொந்தத் தங்கை வீட்டுச் சாமான் என்பதால் மனசாட்சி உறுத்தாது.

மனசாட்சிக்குச் சோதனை 1949-இல் வந்தது. காடிலாக்கும் ஓல்ட்ஸ்மொபிலும் வால்வை மேலே தூக்கி ஹெட்டில் வைத்த புது வி-8-களைக் கொண்டுவந்தன. காடிலாக் எஞ்சின் 331 கன அங்குலம், 160 குதிரைத்திறன். புகை தண்ணீரைக் காய்ச்சாமல் நேராக வெளியே போனது. பையன்கள் பார்த்தார்கள். புதுக் காடிலாக் வாங்குகிற பணக்காரனும் மோதத்தான் செய்வான் என்று காத்திருந்தார்கள். காடிலாக் அடிச்சட்டத்தின் மேல்தான் அந்த நாட்டுச் சவ வண்டிகள் பலவும் கட்டப்பட்டன என்பதால் எஞ்சினுக்கு இன்னொரு வாசலும் திறந்திருந்தது. முந்தைய பயணிகள் யாரும் புகார் செய்ததில்லை.

நியூயார்க் பக்கம் பில் ஃப்ரிக் என்பவரும் ஃபில் வால்டர்ஸ் என்பவரும் இதையே தொழிலாக்கினார்கள். ஃபோர்டில் காடிலாக் எஞ்சினை இறக்கி ஃபோர்டிலாக் என்று விற்றார்கள். இந்த வால்டர்ஸ் பந்தயத்தில் டெட் டாப்பெட் என்ற பொய்ப்பெயரில் ஓட்டியவர். எஞ்சினுக்கு மட்டும்தான் ஆள்மாறாட்டம் என்று யார் சொன்னது? பிரிக்ஸ் கன்னிங்ஹாம் என்ற செல்வந்தர் ஃபோர்டிலாக்கைப் பார்த்து மயங்கி, 1950-இல் லெ மான் 24 மணிநேரப் பந்தயத்துக்குக் கொண்டுபோக ஆசைப்பட்டார். பிரெஞ்சுக்காரர்கள், இது எந்தக் கம்பெனியின் கார் என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. பதில் இல்லாததால் இரண்டு காடிலாக்குகளோடு போனார். ஒன்று வீட்டுக்கு வாங்குகிற சாதாரணக் கார். இன்னொன்றுக்கு விமானப் பொறியாளர்கள் உதவியோடு காற்றைக் கிழிக்கும் உடல் செய்தார்கள். அதன் அழகைப் பார்த்த பிரெஞ்சு ரசிகர்கள் அரக்கன் என்று பெயர் வைத்துவிட்டார்கள். தொடக்கத்திலேயே அரக்கனை மணல்மேட்டில் ஏற்றிவிட்டு, கோடீஸ்வரர் குனிந்து மணலைத் தோண்டி மீட்டார். கடைசியில் சாதாரணக் கார் 10-ஆவது, அரக்கன் 11-ஆவது. பெண்ணழைப்புக்குப் போகிற காரே முன்னால் வந்தது.

பில் ஃப்ரிக் சும்மா இருக்கவில்லை. 1953-இல் வந்த ஸ்டூடிபேக்கர் கூபே, பார்க்கக் கண்ணைப் பறிக்கும் அழகு, இழுவை மட்டும் சுமார். அதற்குள்ளும் காடிலாக்கை இறக்கி ஸ்டூடிலாக் என்றார். இயன் ஃபிளெமிங் அதைத் தன் 1956 ஜேம்ஸ் பாண்ட் நாவலில் பாண்டின் நண்பன் ஃபீலிக்ஸ் லைட்டருக்குக் கொடுத்துவிட்டார். காயலாங்கடைக் கலை இலக்கியத்துக்குள் நுழைந்தது இப்படித்தான்.

கிரைஸ்லரின் ஹெமி எஞ்சின் 1951-இல் வந்தது. 180 குதிரைத்திறன், மலை போன்ற ஹெட்டுகள், அதற்கேற்ற எடை. பழைய ஃபோர்டில் வைத்தால் பானெட் மூடாது. பையன்கள் பிரச்சினையைத் தீர்த்தார்கள்: பானெட்டைத் தூக்கி எறிந்துவிட்டார்கள்.

இவ்வளவு நேரமும் ஷெவர்லே எங்கே போனான்? ஆறு சிலிண்டர் வண்டியை மளிகைக்கடைக்கும் மாதாகோயிலுக்கும் ஓட்டிக்கொண்டிருந்தான். 1953-இல் ஜெனரல் மோட்டார்ஸில் புதிதாகச் சேர்ந்த சோரா ஆர்கஸ்-டன்டோவ் என்ற எஞ்சினியர் அந்த டிசம்பரிலேயே மேலதிகாரிக்கு ஒரு குறிப்பு எழுதினார். இளைஞர்கள் படிக்கிற ஹாட் ராட் பத்திரிகையைப் புரட்டினால் அட்டைமுதல் அட்டைவரை ஃபோர்டுதான். இந்தப் பையன்கள் நாளைக்குச் சம்பாதித்துப் புதுக் கார் வாங்கும்போதும் ஃபோர்டுதான் வாங்குவார்கள். அவர்களை மடக்க வேண்டுமானால் நம் எஞ்சினுக்கு வேகச் சாமான்கள் தயாராகக் கடையில் கிடைக்கவேண்டும். சாரம் இவ்வளவுதான். வேலையில் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகாத ஆள் முதலாளிக்கு வியாபாரம் சொல்லிக்கொடுக்கிறான். நம் ஊர் ஆபீஸாக இருந்தால் அவரை ஸ்டோர் ரூமுக்கு மாற்றியிருப்பார்கள். அங்கே காதுகொடுத்துக் கேட்டார்கள்.

எட் கோல் என்ற எஞ்சினியரின் தலைமையில் 1955 மாடலுக்கு வந்த ஷெவர்லே வி-8 265 கன அங்குலம், 162 குதிரைத்திறன். உடம்பு சிறியது, எடை குறைவு. எட்டு சிலிண்டர் எஞ்சின் அதே கம்பெனியின் ஆறு சிலிண்டரைவிட இலேசாக இருந்தது. ராக்கர் ஆர்ம் தகட்டில் அழுத்தி எடுத்த மலிவுச் சாமான், அந்த யோசனையும் பான்டியாக் பிரிவிலிருந்து வந்தது. முதல் வருஷத்துப் பிளாக்கில் ஆயில் ஃபில்ட்டருக்கு இடமே விடவில்லை. சிக்கனம் என்றால் சிக்கனம்.

அதை 1932 ஃபோர்டுக்குள் இறக்கிப் பார்த்தவனுக்கு உலகம் மாறியது. ஃபோர்டின் முன் குறுக்குச்சட்டம் எஞ்சினுக்கு அடியில் படுத்திருக்கும். ஷெவர்லேயின் ஆயில் சம்ப்போ பின்பக்கம் தொங்குவதால் சட்டத்தில் இடிக்காமல் இறங்கும். ஸ்டார்ட்டர் மோட்டார் வலப்பக்கம், ஸ்டியரிங் பாக்ஸ் இடப்பக்கம், ஒன்றுக்கொன்று தகராறில்லை. ஒரே ஒரு தொல்லை, டிஸ்ட்ரிபியூட்டர் எஞ்சினின் முதுகில் நிற்கும். டிரைவரின் காலுக்கும் எஞ்சினுக்கும் நடுவிலுள்ள ஃபயர்வால் தகட்டில் அது போய் முட்டும். அங்கே மட்டும் சதுரமாக வெட்டி உள்பக்கம் ஒரு பெட்டி போல வெல்டிங் வைத்துவிட்டால் முடிந்தது. இதற்கு மாறாக, ஃபோர்டு 1962-இல் கொண்டுவந்த தன் சொந்தச் சின்ன வி-8-க்கு சம்ப் முன்பக்கம். அதாவது சொந்த வீட்டுப் பழைய காரின் குறுக்குச்சட்டத்திலேயே இடிக்கிற இடம். தாத்தா வைத்த கட்டிலில் பேரனுக்குக் கால் நீட்ட முடியாமல் போன கதை.

அப்படி ஃபோர்டு வீட்டுக் கார்களில் ஷெவர்லே எஞ்சின் குடியேறியது, குடியேறியதும் வெளியேறவே இல்லை. மேலே நீலநிற முட்டைவடிவ முத்திரை, உள்ளே பரம எதிரி. ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே. ஃபோர்டு பக்தர்கள் இன்றும் கண்காட்சிகளில் இதைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். கோபம் வாஸ்தவமானது. ஆனால் இந்த எஞ்சின் 283, 327, 350 என்று வளர்ந்துகொண்டே போனாலும், கியர்பாக்ஸ் சேர்கிற போல்ட் துளைகளின் அமைப்பு மாறவில்லை. 1955 சாமானில் 1985 சாமான் உட்காரும். நாட்டின் எந்த மூலையில் போனாலும் காயலாங்கடையில் ஒன்று கிடக்கும். கொள்கைக்கும் கிடைப்பதற்கும் நடந்த சண்டையில் கொள்கை எப்போது ஜெயித்திருக்கிறது?

கம்பெனிகளே இதில் விழுந்தன. ஸ்டூடிபேக்கர் 1963 டிசம்பரில் இந்தியானாவின் சவுத் பெண்ட் தொழிற்சாலையை மூடிவிட்டு, கனடாவின் ஹாமில்டனில் மட்டும் கார் செய்தது. எஞ்சின் செய்கிற இடம் சவுத் பெண்டோடு போய்விட்டதே, என்ன செய்வது? 1965 மாடலுக்கு ஜெனரல் மோட்டார்ஸின் கனடாப் பிரிவிலிருந்து எஞ்சின் வாங்கிப் போட்டார்கள். அடுத்த ஆண்டே கடையைக் கட்டினார்கள். செக்கர் டாக்சிக் கம்பெனியும் அதே காலத்தில் ஷெவர்லே எஞ்சினுக்கு மாறியது. பையன்களாவது ராத்திரியில் செய்தார்கள்.

பியூக்கின் வி-6 கதை இன்னும் ரசமானது. 1960-களில் செய்த இந்த எஞ்சினின் அச்சு, எந்திரம் எல்லாவற்றையும் 1967-இல் ஜீப் செய்கிற கைசர் கம்பெனிக்கு விற்றுத் தலைமுழுகியது ஜெனரல் மோட்டார்ஸ். 1973-இல் எண்ணெய்த் தட்டுப்பாடு. பெரிய எஞ்சின் வைத்திருந்தவர்கள் பெட்ரோல் பங்க்கில் கியூவில் நின்றார்கள். ஐயோ, அந்தச் சின்ன எஞ்சின் எங்கே என்று தேடினால், கைசர் ஜீப்பை வாங்கிய அமெரிக்கன் மோட்டார்ஸ் கையில் இருந்தது. 1974-இல் போய்த் தங்கள் எந்திரங்களைத் தாங்களே திரும்ப வாங்கிக்கொண்டுவந்தார்கள். பெரிய கம்பெனியும் காயலாங்கடைக்குப் போகும், கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு போகும், அவ்வளவுதான்.

1970-கள் எஞ்சின்களுக்குக் கழுதை தேய்ந்து கட்டெறும்பான காலம். புகைக் கட்டுப்பாடு வந்தது, ஈயமில்லாப் பெட்ரோல் வந்தது, கம்ப்ரஷனைக் குறைத்தார்கள். 1972-இல் குதிரைத்திறனை அளக்கிற முறையையும் மாற்றினார்கள். அதுவரை எஞ்சினைத் தனியே மேடையில் வைத்து, சைலன்சர், ஏர் ஃபில்ட்டர் எதுவும் மாட்டாமல் அளந்து பெருமை பேசிவந்தார்கள். இப்போது எல்லாச் சுமையோடும் அளக்கச் சொன்னார்கள். பாதிக் குதிரைகள் அங்கேயே ஓடிப்போயின. ஷெவர்லேயின் ஸ்போர்ட்ஸ் காரான கார்வெட்டில் 1975-இன் சாதாரண எஞ்சின் 165 குதிரைத்திறன். 1976 காடிலாக் எல்டராடோவுக்கு 8.2 லிட்டர் எஞ்சின், 190 குதிரைத்திறன். அவ்வளவு பெரிய லாயத்துக்குள் இவ்வளவு குதிரைதானா என்று யாரும் கேட்கவில்லை. கேட்டவர்கள் 1969 எஞ்சினைத் தேடிக்கொண்டு காயலாங்கடைக்குப் போய்விட்டார்கள்.

ஓல்ட்ஸ்மொபில் 1978-இல் டீசல் வி-8 கொண்டுவந்தது. டீசலின் அழுத்தத்துக்கு ஹெட்டை அழுத்திப் பிடிக்கப் போதுமான போல்ட்டுகள் வேண்டும். பெட்ரோல் எஞ்சினின் போல்ட் அமைப்பையே வைத்துவிட்டார்கள். டீசலில் கலந்த தண்ணீரைப் பிரிக்கும் சாமானும் இல்லை. ஹெட் கேஸ்கட் போனது, அதோடு மானமும் போனது. வாங்கியவர்கள் டீசலைப் பிடுங்கிவிட்டுப் பெட்ரோல் எஞ்சினை வைத்துக்கொண்டு ஓட்டினார்கள். விதியின் குறும்பைப் பாருங்கள்: டீசலுக்காகக் கெட்டியாக வார்த்த அந்தப் பிளாக்குகளைப் பொறுக்கியெடுத்துப் பெட்ரோல் பந்தய எஞ்சின் கட்டுகிற ஓல்ட்ஸ்மொபில் பித்தர்கள் கிளம்பினார்கள். நாடே திட்டிய எஞ்சின், இரும்பாக மட்டும் பார்த்தால் முதல்தரம்.

1997-இல் கார்வெட்டோடு எல்.எஸ்.1 வந்தது. அலுமினியப் பிளாக், 5.7 லிட்டர், 345 குதிரைத்திறன். ஊரெல்லாம் ஹெட்டுக்கு இரண்டு கேம் ஷாஃப்ட் வைத்துக்கொண்டிருந்தபோது, பழைய புஷ்ராடு முறையையே விடாமல் பிடித்துக்கொண்ட எஞ்சின். கிழட்டு யோசனை என்று கேலி செய்தார்கள். ஆனால் தலையில் கேம் ஷாஃப்ட் இல்லாததால் எஞ்சின் குட்டையாக, ஒடுக்கமாக இருந்தது. ஒடுக்கமானது எங்கேயும் நுழையும். 1999 முதல் இதன் வார்ப்பிரும்புத் தம்பிகள் லட்சக்கணக்கான ஷெவர்லே பிக்கப்புகளில் வந்தார்கள். பிக்கப் ஓட்டுகிறவனும் மோதுவான். மிச்சக் கதை உங்களுக்கே தெரியும். 1932 ஃபோர்டு, 1967 முஸ்டாங், எழுபதுகளின் டாட்சன், எதைத் திறந்தாலும் அந்த பிக்கப் எஞ்சின். ஃபோர்டு 2011-இல் கொண்டுவந்த கோயோட்டி எஞ்சின் இதைவிட நாகரிகமானது. ஆனால் தலை அகலம். பழைய முஸ்டாங்கில் வைக்க வேண்டுமானால், முன்சக்கர ஸ்பிரிங்கைத் தாங்கும் கோபுரங்களை வெட்டியெறிய வேண்டும். வெட்டிவிட்டு அங்கே எதை வைக்கிறார்கள் தெரியுமா? 1974-இல் வந்து, பின்னாளில் பலரும் காறித் துப்பிய முஸ்டாங் 2 காரின் முன் சஸ்பென்ஷன் அமைப்பை. கார் போய்விட்டது, அதன் முன்கால் மட்டும் எண்ணற்ற ஹாட் ராடுகளுக்கு அடியில் நடந்துகொண்டிருக்கிறது.

இந்தத் தொழிலில் புராதனமான ஒரு பொய் உண்டு: நாலு போல்ட் போட்டால் உட்கார்ந்துவிடும். உட்காரும், யார் இல்லையென்றது? எஞ்சின் மவுன்ட்டிங் வாங்குவீர்கள். சம்ப் இடிக்கும், வேறு சம்ப் வாங்குவீர்கள். சைலன்சர் குழாய் ஸ்டியரிங் பாக்ஸில் முட்டும், வேறு குழாய். பழைய கார்புரேட்டருக்கு ஐந்தாறு பவுண்டு அழுத்தத்தில் பெட்ரோல் போதும். எல்.எஸ். எஞ்சின் 58 பவுண்டு கேட்கும், ஆகவே புதுப் பம்ப், புதுக் குழாய், டேங்க்கும்கூட. புரொப்பெல்லர் ஷாஃப்ட்டை அறுத்துக் குட்டையாக்க வேண்டும். கியர்பாக்ஸுக்காகத் தரைத் தகட்டைச் சுத்தியலால் வளைக்க வேண்டும். கடைசியில் சாவியைத் திருப்பினால் எஞ்சின் உறுமி, இரண்டு விநாடியில் அணைந்துபோகும். கம்ப்யூட்டருக்குள் இருக்கும் திருட்டுத் தடுப்பு, தன் வீட்டுச் சாவியைத் தேடுகிறது. தன்னை யாரோ வேறு வண்டிக்குக் கடத்திவந்துவிட்டதாக அது நினைக்கிறது. நினைப்பதில் தப்பொன்றும் இல்லை. இவ்வளவுக்கும் பிறகு ஓடுகிற வண்டிக்கு நான்கு சக்கரத்திலும் 1965-ஆம் வருஷத்து டிரம் பிரேக். ஹென்றி ஃபோர்டின் ஆவி சாந்தியடையட்டும்.

புத்திசாலிகள் முதலில் நுரை பிளாஸ்டிக்கில் வார்த்த போலி எஞ்சினை வாங்கி உள்ளே வைத்து அளவு பார்க்கிறார்கள். நிஜ எஞ்சினின் அதே வடிவம், ஒரு கையால் தூக்கலாம். எண்ணெய் ஒழுகாது, சூடேறாது. என்னைக் கேட்டால் சிலர் அதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

கலிஃபோர்னியாவில் சர்க்காரும் பொருத்தம் பார்க்கும். 1975-உம் அதற்கு முந்தையதுமான பெட்ரோல் கார் என்றால் புகைச் சோதனை கிடையாது, எதை வேண்டுமானாலும் வையுங்கள். 1976 என்றால், வைக்கிற எஞ்சின் காரின் வயதோ அதைவிட இளமையோ இருக்க வேண்டும், அதனதன் புகைக் கட்டுப்பாட்டுச் சாமான்கள் ஒன்று குறையாமல் வர வேண்டும், ரெஃப்ரீ என்ற அதிகாரி குனிந்து பார்த்து ஆசீர்வதிக்க வேண்டும். ஒரே ஒரு வருஷ வித்தியாசத்தில் ஒருவன் சுதந்திரப் பறவை, இன்னொருவன் ஃபைல் தூக்குகிறவன்.

இதற்கிடையில், வண்டியோடு பிறந்த அதே எண் கொண்ட எஞ்சின் இருந்தால்தான் விலை என்று ஏலக்கூடத்துப் பெரிய மனிதர்கள் கிளம்பினார்கள். ஐம்பது வருஷம் முன் பையன் பிடுங்கிக் கொட்டகை மூலையில் போட்ட அசல் எஞ்சினை, இப்போது பேரன் பூதக்கண்ணாடியோடு தேடுகிறான். பையன் அதை என்றைக்கோ பழைய இரும்பு விலைக்குப் போட்டிருப்பான்.

காசு இருக்கிறவர்களுக்குக் காயலாங்கடையே வேண்டாம். 2018-இல் கிரைஸ்லரின் உதிரிபாகப் பிரிவான மோபார், 426 கன அங்குலத்தில் 1,000 குதிரைத்திறன் எஞ்சினைப் பெட்டியில் வைத்துக் காட்டியது. அடுத்த ஆண்டு விற்பனைக்கு வந்ததும் இரண்டே நாளில் தீர்ந்துபோனது. 2021-இல் ஃபோர்டு இன்னொரு பெட்டியைத் திறந்தது: மின்மோட்டார், 281 குதிரைத்திறன், 3,900 டாலர். பேட்டரி, இன்வெர்ட்டர் எதுவும் அதில் சேராது. மோட்டார் மட்டும்தான். அதுவும் வந்த வேகத்தில் விற்றுத் தீர்ந்தது. மற்ற சாமான்களுக்கு என்ன செய்வது என்று யோசித்தவர்கள், இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் கைகழுவிய டெஸ்லாக்கள் வரிசையாக நிற்கிற இடத்துக்குப் போனார்கள். போன பிறகு மோட்டாரையும் அங்கேயே பார்த்துக்கொண்டார்கள் பலர். பழைய ஃபோர்டுகளில் இப்போது டெஸ்லா மோட்டார் ஏறிக்கொண்டிருக்கிறது. யார் மோதினார்கள், தப்பு யார் மேல் என்றெல்லாம் அவர்கள் விசாரிப்பதில்லை. அடி பட்டது முன்பக்கமா, பேட்டரி இருக்கிற அடிப்பக்கமா என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்கிறார்கள்.